அகதி என்ற சொல்லும் எங்கள் நோனாவும்

நோனாக்குட்டி, உயிரோடு இருந்திருந்தால், "அறுபத்து மூண்டு வயசாகிட்டுகா, இன்னும் என்ன குட்டி?" என்று கேட்டிருப்பாய். கேட்க மாட்டாய் என்று தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பாசிக்குடாவில் வேலைக்கு நின்றேன். ஹோட்டலின் பின்பக்கத்தில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கலா வீட்டிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, நோனாம்மா இன்னும் எழும்பல்ல."

"ராவைக்குத் தைச்சுக்கொண்டு இருந்தவதானே, படுக்கட்டும் விடு."

"இல்லம்மா. தேத்தண்ணி கொண்டு போனன். கை சில்லிட்டுக் கிடக்கு."

கையிலிருந்த விரிப்பை விட்டுவிட்டேன். அது காற்றில் போய் வேலியில் தொங்கியது. எடுக்கவும் தோன்றவில்லை. அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்தில் ஓட்டமாவடியில் ஏறிய ஒரு பொம்பளை இருந்தா. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்து, "மௌத்தா தங்கச்சி, ஆரும் செத்துட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டா. ஓம் என்றேன். "சொந்தமா?" ஓம் என்றேன். "என்ன முறை?" என்றா. மட்டக்களப்பு வரும்வரை யோசித்தும் அதற்கு எனக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை. அந்தப் பொம்பளை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தா.

நோனாவின் முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று வேதக் கோயில் ஆட்கள் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேத்தி பிழை பார்த்துத் தருகிறாள். உங்களில் பல பேர் நோனாவிடம் சட்டை தைத்தவர்கள், அவளோடு சண்டை பிடித்தவர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவளுடைய பெயர் ஐரின். போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கிச் சனம். தையல்காரி. வெள்ளைக்காரத் துரைசாணி என்ற மாதிரி நோனா என்று பெயர் வைத்தது நான்தான். அன்பாக வைக்கவில்லை, பழிப்புக்கு வைத்தேன்.

சுனாமி என்று கடல் வந்த மூன்றாம் நாள் அது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குப் பதினொரு குடும்பம். என் மனிசனும் மகனும் போய்விட்டார்கள். உடல்களைப் பார்த்து, அடக்கி, வந்து சுவரில் சாய்ந்து இருக்கிறேன். அதே சுவரில் இவள் இருக்கிறாள். பூசைக்குப் போட்ட நல்ல சட்டையும் கையில் ஒரு தகரப் பேணியுமாக. கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் செய்த கேக் இருந்த பேணி அது. பூசை முடிந்து டவுனில் இருக்கும் இனத்தவர் வீட்டுக்கு அதைக் கொண்டு பாதிவழி போனவளுக்குத் திரும்பி வர வீடு இருக்கவில்லை. வீட்டில் படுத்திருந்த மனிசனும் இல்லை. பேணியில் இருந்த கேக்கை முதல் நாளே வெட்டி அறையில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். வெறும் பேணியை மட்டும் விடவில்லை.

ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். "அகதிகள் எல்லாரும் வரிசைக்கு வாங்க! அகதிகள் கோப்பையோட வாங்க!" என்று கத்தினார். எல்லோரும் எழும்பினோம். இவள் எழும்பவில்லை.

"வாங்க, சோறு முடிஞ்சிரும்" என்றேன்.

"என்னக் கூப்பிடல்லையே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்த நோனாவுக்கு எங்களோட வரிசையில நிக்க ஏலாதாம்" என்று அறை முழுவதும் கேட்கச் சொன்னேன். சனம் சிரித்தது. கடல் வந்ததற்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவளும் சிரித்தாள். மறுகா என் கோப்பையிலிருந்தே இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்றிலிருந்து அவள் நோனா.

பறங்கி என்ற பெயரைக் கேட்டுப் பழகியவள் ஏன் அகதி என்ற சொல்லுக்கு மட்டும் முகத்தைச் சுளித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "எங்கட ஆக்கள் கப்பல்ல வந்து முந்நூறு வருசத்துக்கு மேல. இன்னும் பறங்கி. இப்ப மூண்டு நாளில இன்னொரு பேர். அதுக்கு என்ன அர்த்தம் எண்டாவது ஆராவது சொல்லணும்தானே" என்றாள்.

எனக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் சொல் பழக்கம். நாங்கள் சண்டைக்குப் பயந்து எத்தனையோ தரம் ஓடியவர்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் வருசம் சொல்ல மாட்டார்கள். முதலாம் ஓட்டத்தில், இரண்டாம் ஓட்டத்துக்கு முதல் என்றுதான் சொல்வார்கள். ஓடிய இடமெல்லாம் எங்களுக்கு இந்தப் பெயர்தான். கிடைத்தது அகதி அரிசி, அகதிப் பருப்பு, அகதிக் கூடாரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டை பிடித்தால், "போடா அகதி" என்பார்கள். பெருநாளில் கூடுதலாகத் தின்றால், "என்ன அகதி மாதிரி அள்ளுறாய்?" என்று எங்கள் அம்மாவே ஏசுவா. அதே சொல் வெளிநாட்டில் வேறு மாதிரி. என் ஒன்றுவிட்ட தம்பி சுவிசுக்குப் போய் "அகதி அடிச்சிட்டன்" என்று, அகதியாகப் பதிந்துவிட்டதைக் கடிதம் போட்டபோது வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். இதை நோனாவுக்குச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப அங்க அகதி எண்டா பாயாசம், இஞ்ச எண்டா பருப்பா?" என்றாள்.

வந்தாறுமூலைக் கம்பசிலிருந்து உதவிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒரு பெட்டை தமிழ் படிக்கிறவள். நோனா அவளை விடவில்லை. பாண் பெட்டியை இறக்கக்கூட விடாமல் மறித்துக் கேட்டாள்.

"அகதி எண்டா என்ன பிள்ள?"

"இடம்பெயர்ந்து வந்தவங்க அன்டி."

"அது எங்களுக்கும் தெரியும். சொல்லுக்குள்ள என்ன இரிக்கி? அதச் சொல்லு."

அந்தப் பெட்டை பெட்டியின் மேல் இருந்துகொண்டு ஆறுதலாகச் சொன்னாள். கதி என்றால் போகிற வழி, போய்ச் சேருகிற இடம், பிடித்துக்கொள்ள ஒரு துணை. முன்னால் அந்த 'அ' வந்தால் அது இல்லை என்று அர்த்தம். வடமொழியிலிருந்து வந்தது. ஏதிலி என்று தனித்தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அதற்கும் ஏதும் இல்லாதவர் என்றுதான் அர்த்தம்.

நோனா அந்தச் சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப இந்தச் சொல்லுக்குள்ள ஓடுறது எங்க இரிக்கி?"

"ஓடுறதா?"

"நாங்க ஓடின, கடல் வந்த, ஊர் எரிஞ்ச. ஒண்டும் இதுக்குள்ள இல்லயே. போன இடத்தில ஒருத்தனும் கதவு திறக்கல்ல எண்டு மட்டும்தானே இரிக்கி?"

நோனா என் பக்கம் கிறுகிச் சொன்னாள். "பாத்தியாகா பூரணம்? இது எங்கட பேர் இல்ல. கதவச் சாத்தினவங்கட பேர். பிழையா எங்கள்ள ஒட்டி வெச்சிரிக்கானுகள்."

அதற்குப் பிறகு அவள் வரிசைக்கு வந்தாள். ஒலிபெருக்கிக்காரர் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். "அவர் தன்ட பேரச் சொல்லுறார், சொல்லட்டும்" என்பாள்.

அந்த வாரத்தில்தான் படிவம் வந்தது. குடும்பத்தில் யார் யார், யார் இருக்கிறார், யார் இல்லை என்று எழுத வேண்டும். மூன்று தாளும் நடுவில் கார்பனும். எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. நோனாவின் கையெழுத்து முத்து மாதிரி. அதனால் எங்கள் அறைக்கு அவள்தான் எழுதினாள். என் முறை வந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மனிசன், கடலில் இறந்தார். மகன், கடலில் இறந்தான். அடுத்தது மகள்.

என் மகள் கலாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அவள் கடற்கரையிலேயே இருக்கவில்லை. இயக்கம் இருந்த வன்னியில் இருந்தாள். எப்படிப் போனாள், யார் கூட்டிப் போனது என்பதை இங்கே எழுத மாட்டேன், ஊருக்குத் தெரியும். அந்த வருசம் எங்கள் பக்கத்தில், பிள்ளை வன்னியில் இருக்கிறது என்று சொல்வது தலையை நீட்டுவது போல. சொல்லாமல் விடவும் ஏலாது, பழைய குடும்ப அட்டையில் பெயர் இருந்தது. இருந்தவள் எங்கே என்று யாராவது வந்து கேட்பார்கள். நான் அந்த மூன்று நாளில் இரண்டு பேரை மண்ணுக்குள் வைத்தவள். மூன்றாவதையும் கடல் கொண்டு போனது என்று சொன்னால் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? செத்தவளை ஒருவரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"மகள் கலா. அவளும் கடல்ல போயிட்டாள். செத்துட்டாள்" என்றேன்.

நோனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை. வாசித்தால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

நோனாவுடைய மனிசனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்கும் வாவிக்கரைக்கும் அலைந்து தேடியபோது அவள் போகவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, கலா உயிரோடு இருக்கிறாள் என்று நோனாவின் காதில் சொன்னேன். எனக்குச் சொல்லாமல் இருக்க ஏலவில்லை. அவள் திடுக்கிடவில்லை. "சரி. சொல்லிட்டாய்தானே. இனி வேற ஒருத்தருக்கும் சொல்லாத. சோத்தத் தின்னு" என்றாள். கடலில் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சனமெல்லாம் போனபோது, கலாவுக்கும் எடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நான் வெளிக்கிட்டேன். நோனா வாசலை மறித்து நின்றாள். "படிவத்தில கிடக்கிறது கிடக்கட்டும். அந்தக் கடதாசிய மட்டும் கையில வாங்கிடாத. வாங்கினா, மறுகா பிள்ளையக் கூப்பிடக் குரல் வராதுகா" என்றாள். நான் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

முகாமில் இருந்த மாதங்களில் அவள் ஒரு வேலை செய்தாள். கிழிந்த கூடாரத் துணியில் பை தைத்தாள். உங்களில் பல பேரிடம் அது இப்பவும் இருக்கும். இடுப்பில், சட்டைக்குள் கட்டிக்கொள்கிற பை. அடையாள அட்டைக்கு ஒரு அறை, பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு அறை, கலியாணப் பதிவுக்கு ஒன்று. ஓரம் எல்லாம் இரட்டைத் தையல். கடலில் எங்களுக்கு ஆட்கள் போனது ஒரு பக்கம், நாங்கள் யார் என்று காட்டக் கடதாசி இல்லாமல் போனது இன்னொரு பக்கம். அதனால் அந்தப் பைக்கு ஒரே கிராக்கி. ஓட்டப் பை என்று பெயர். கடல் வருகிறது என்று யாராவது கத்தினால் பொம்பளைகள் எல்லாம் ஓடுவதற்கு முதல் வயிற்றைத் தடவிப் பார்ப்பார்கள். ஆமி பார்த்துவிட்டு, எல்லோருக்கும் வயிற்றுக்குத்தா என்று கேட்டானாம். எனக்கும் ஒன்று தந்தாள். நான் இரண்டு தரம் தொலைத்தேன். "உன்னட்டத் தந்தா நீ உன்னையே துலைப்பாய்" என்று ஏசிவிட்டு, என் படிவத்தின் கார்பன் பிரதியையும் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நோனாவுக்குக் கடலை விட்டுத் தள்ளி ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் வீடு பொம்பளைக்குத்தான். என் சீதன வீடு இரண்டாம் ஓட்டத்திலேயே எரிந்து போனது. கடற்கரையில் நாங்கள் இருந்தது மனிசனின் தமக்கை வளவில். அதனால் புது வீடு அந்த மச்சாளின் பெயருக்குப் போனது. அந்த வீட்டின் பின்பக்கம் ஓலைச் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அதில் நான் இருந்தேன். குற்றம் சொல்லவில்லை. அவவுக்கும் இரண்டு பொடியன்கள்.

சண்டை முடிந்த வருசம். வவுனியாப் பக்கம் முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருந்து வெளியே விட்ட ஒரு வயதான மனிசர் ஒரு துண்டு கொண்டு வந்து தந்தார். சிகரெட் பெட்டி மட்டையில் கலாவின் எழுத்து. "அம்மா நான் இருக்கிறன். மகள் இருக்கிறாள். அவர் இல்லை. என்னைக் கூப்பிடு." எனக்குப் பேத்தி பிறந்ததும் மருமகன் செத்ததும் அந்த மட்டையில்தான் தெரிந்தது.

கூப்பிடுவதற்கு ஒரு வழி இருந்தது. கிழக்கில் பிறந்தவர்களைச் சொந்த இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இங்கிருந்து எழுதிப் போக வேண்டும். இந்தப் பிள்ளை இந்தக் குடும்பம்தான், வந்தால் இருக்க இந்த வீடு இருக்கிறது என்று. நான் மச்சாளின் காலடியில் போய் இருந்தேன்.

"பூரணம், கோவிக்காத" என்று அவ அழுதா. "வன்னியால வந்த பிள்ள எண்டா வாசல்ல ஆமி வந்து நிக்கும். என்ட பொடியன்களப் பிடிச்சிக்கிட்டுப் போனா நான் ஆரட்டப் போய்க் கேக்கிற?"

அவ சொன்னதிலும் பிழையில்லை. நான் எழும்பி நோனாவிடம் போனேன். வீடு இல்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, நான் என் பிள்ளையைச் செத்தவள் என்று எழுத வைத்திருக்கிறேன். செத்தவளைக் கூப்பிடுகிற தாயை எந்த அரசாங்கக் கந்தோர் நம்பும்? "என்ட வாயாலேயே அவளைக் கொன்டுட்டன் நோனா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவள் மெசினிலிருந்து எழும்பவில்லை. கையிலிருந்த சட்டைக்குக் கழுத்து வைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, "முகத்தக் கழுவு. விடிய வெள்ளாப்பில போவம்" என்றாள்.

கந்தோரில் இருந்தது ஒரு இளம் தம்பி. பழைய விபரங்களைப் பார்த்துவிட்டு, "உங்கட குடும்ப அட்டையில ஒரு மகள் இருந்திருக்கா. கடலுக்குப் பிறகு எடுத்ததில இல்ல. என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டார்.

பாதை முழுவதும் பாடமாக்கிக்கொண்டு போன பதில் எனக்கு மறந்துவிட்டது. "நான்தான் சாகடிச்சிட்டன் ஐயா" என்றேன்.

அந்தத் தம்பி கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"இவ ஒரு விசரி, இவட கதையக் கேக்காதீங்க" என்று நோனா குறுக்கே வந்தாள். சுவர்ப் பக்கம் கிறுகி நின்று இடுப்புப் பையை அவிழ்த்தாள். நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்து வருசம் வியர்வையில் ஊறி அது துணி மாதிரி ஆகியிருந்தது.

அந்தத் தம்பி வாசித்தார். என் மனிசனின் பெயர், இறந்தார். மகனின் பெயர், இறந்தார். "கலா. மகள். வயது பதினெட்டு. காணவில்லை."

அவர் பிழையாக வாசிக்கிறார் என்று நினைத்தேன். தாளை வாங்கி விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். காணவில்லை. கீழே என் கையெழுத்து. நோனாவைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காணாமப் போன பிள்ள கிடைச்சிட்டு. இதுல உங்களுக்கு என்ன கரைச்சல்?" என்று அவரைக் கேட்டாள்.

"கரைச்சல் இல்லம்மா. ஒரு சத்தியக் கடதாசி வேணும். வந்தா இருக்கிறதுக்கு வீடு?"

"என்ட வீடு."

அவர் நோனாவின் வெள்ளைத் தோலையும் என் கறுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க என்ன முறை?"

"முறையப் பிறகு பாப்பம். ரெண்டு அறை இரிக்கி. கதவு இரிக்கி. எழுதுங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் வந்ததும் நோனா மேசையில் விரல் வைத்தாள். "தம்பி, இந்த அகதி எண்ட சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா?"

"ஓடி வந்தவங்க."

"இல்ல. போய்ச் சேர இடமில்லாதவங்க. அந்தப் பிள்ளைக்கு இடம் இரிக்கி எண்டு நான் இப்பதான் எழுதித் தந்தன். பிறகு எப்பிடி அதப் போடுற?"

அவர் சிரித்துவிட்டார். "அது படிவத்தில அச்சடிச்சுக் கிடக்கு அம்மா. எனக்கு வெட்ட ஏலா."

"வெட்ட வேணாம். பக்கத்தில எழுதுங்க, ஐரின்ட வீடு எண்டு."

அந்தத் தம்பி எழுதினார். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, நல்லாயிருக்க வேண்டும்.

வெளியே வந்து கேட்டேன். "ஏன் நோனா அப்பிடி எழுதினாய்?"

"நீ சொல்லுறதெல்லாம் எழுத நான் என்ன உன்ட கிளாக்கரா? வா, பசிக்குது."

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் பஸ் வந்து இறக்கிவிட்டது. கலாவை எனக்கு நடையில்தான் தெரிந்தது, முகத்தில் தெரியவில்லை. அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதில் ஒரு பிள்ளை. வீட்டுக்கு வந்தும் அவர்கள் இரண்டு பேரும் முற்றத்திலேயே நின்றார்கள். யாராவது போகச் சொன்னால்தான் போகலாம் என்று பழகிவிட்டார்கள். நோனா, எப்படி வந்தாய், என்ன பார்த்தாய், எதுவும் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சட்டை தைக்க அளவு எடுப்போம் என்று கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிட்டப் போனாள்.

பிள்ளை பாவாடையை விட்டது. கால்களை அகட்டி வைத்து, இரண்டு கைகளையும் பக்கத்தில் உயர்த்திக்கொண்டு நின்றது. உடல் சோதனைக்கு நிற்கிற மாதிரி.

நோனா குனிந்தாள். "அடடா, என்ட ராசாத்தி. இப்பிடி நிண்டாத்தான் நல்லா அளக்கலாம். பெரிய ஆக்களுக்கே இது தெரியாது" என்று நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கைக்கும் அளந்தாள். அளந்து முடித்து, "இனிக் கையக் கீழ போடலாம்" என்றாள். பிள்ளை கையைக் கீழே போட்டது. அந்தப் பிள்ளைதான் இப்போது கம்பசுக்குப் போகிறாள். இதில் உள்ள பிழைகளைத் திருத்துகிறவளும் அவள்தான்.

அன்றிலிருந்து நாங்கள் நான்கு பேரும் அந்த வீட்டில். இடையில் நோனாவுடைய தங்கச்சி அவுஸ்திரேலியாவிலிருந்து எத்தனை தரமோ கூப்பிட்டா. "அங்க வந்து நானும் அகதி அடிக்கவா? பாயாசம் காய்ச்ச ஆளில்ல" என்று போனை வைத்துவிடுவாள். கலாவைத் தேடிச் சீருடைக்காரர் வந்து விசாரித்த நாட்களில் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு பதில் சொன்னவள் அவள்தான். ஒரு தரம் ஒருவன், "இவ உங்களுக்கு ஆர்?" என்று கேட்டான். "என்ட காஜா வெட்டுறவ" என்றாள். உண்மையும் அதுதான். அப்போது கலா தையல் பழகிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து நோனாவின் மரணத்தைப் பதியப் போனோம். அறிவிக்கிறவர் இறந்தவருக்கு என்ன முறை என்று ஒரு இடம் இருந்தது. நான் பஸ்ஸில் யோசித்தது மாதிரி யோசித்துக்கொண்டு நின்றேன். கலா பேனையை வாங்கி, மகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை.

அவளுடைய கத்தரிக்கோலும் மெசினும் கலாவுக்கு. கேக் பேணி பேத்திக்கு. எனக்கு அந்தப் பை. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். போன கிழமைதான் அதைத் திறக்கத் துணிவு வந்தது. என் படிவம் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு அறையில் அவளுடைய படிவமும் இருந்தது. இவ்வளவு காலத்தில் அதை நான் கண்டதில்லை. அதே கையெழுத்து, அதே நாள். கணவனின் பெயருக்கு நேரே, இறந்தார் என்று இருந்தது.

நோனா, உடலைக் காணாமலே உன் மனிசனுக்கு நீ அப்படி எழுதியிருக்கிறாய். அவருக்காக ஒரு நாள்கூட வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், அந்தக் கதவை நீயே சாத்தினாய். அதே பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, பழகி ஒரு கிழமைகூட ஆகாத ஒருத்தி தன் மகள் செத்துவிட்டாள் என்று சொல்லச் சொல்ல, காணவில்லை என்று எழுதினாய். கந்தோர் வாசலில் கேட்டேன், பகிடி விட்டாய். பத்து வருசம் கழித்துக் கேட்டேன், அயத்துப் போச்சு, மறந்துட்டன் என்றாய். இப்போது கேட்கிறேன். அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தாயே, என் முகத்தில் நீ என்னத்தைக் கண்டாய்?